தேப்பனைக் கொன்றது ஹிக்கப் இல்லை

'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் ட்ராகன் 2' பற்றி யாரோடு கதைத்தாலும் கதை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. "அந்தப் பெடியன் தேப்பன்ர சொல்லைக் கேட்டிருந்தா மனுசன் செத்திருக்காது." படம் பிடித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், பிடிக்காதவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஸ்டோயிக் மேல் உள்ள பாசத்தில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஹிக்கப் மேல் உள்ள எரிச்சலில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைக்குப் புத்தி சொல்ல நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கருத்து பிழை. படத்தைக் கவனமாகப் பார்க்காததால் வந்த பிழை என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இது அப்படி விடக்கூடிய பிழை இல்லை. இருபது வயதுப் பிள்ளை ஒன்று "ஒருக்காக் கதைச்சுப் பாப்பம்" என்று சொன்னதைக் கொலைக் குற்றமாக மாற்றுகிற பிழை இது. அப்படிப்பட்ட பிழையைப் பகிடியாக எடுக்க எனக்கு மனமில்லை.

முதலில் படம் பற்றிக் கொஞ்சம். வெளிவந்து பத்து வருசத்துக்கு மேலாகிவிட்டதால் கதையை முழுசாகச் சொல்லப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை ஓடிப்போகாது. ட்ரீம்வேர்க்ஸ் தயாரித்து 2014இல் வந்த படம். கிரெசிடா கவெல் எழுதிய சிறுவர் நாவல்களைத் தளர்வாகத் தழுவியது. 2010இல் வந்த முதற்பாகத்தை டீன் டெப்லுவாவும் கிறிஸ் சாண்டர்ஸும் சேர்ந்து இயக்கினார்கள். இரண்டாம் பாகத்தை டெப்லுவா தனியே எழுதி இயக்கினார். உலகம் முழுக்க 600 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது, சிறந்த அனிமேஷன் படத்துக்கான கோல்டன் குளோப் விருதும் எடுத்தது. முதற்பாகத்தை நிஜ நடிகர்களை வைத்து 2025இல் திரும்ப எடுத்து வெளியிட்டார்கள், இரண்டாம் பாகமும் அதேபோல 2027இல் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதாவது ஸ்டோயிக் இன்னொரு தடவை சாகப் போகிறார். இன்னொரு தலைமுறைச் சின்னனுகள் தியேட்டரில் அழப்போகுதுகள். இதே தீர்ப்பும் திரும்ப வரப்போகிறது. ஆகவே இப்பவே கதைப்பது நல்லது.

முதற்பாகத்தை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். பேர்க் என்கிற தீவில் வைக்கிங்குகள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ட்ராகன்களோடு யுத்தம். ஊர்த் தலைவர் ஸ்டோயிக். மலை மாதிரி மனுசன். அவருடைய மகன் ஹிக்கப், ஒல்லிக்குச்சி, ஆயுதத்தைத் தூக்கவே பலமில்லாதவன். அவன் ஒரு ட்ராகனை விழுத்துகிறான். ஆனால் கொல்ல முடியவில்லை. அதன் கண்ணில் தன்னுடைய பயத்தையே காண்கிறான். அதுதான் டூத்லெஸ். இந்தச் சிநேகிதம் தெரியவந்ததும் ஸ்டோயிக் மகனை மகனே இல்லை என்று சொல்லி விலக்கி விடுகிறார். கடைசியில் மகன் சரி என்று விளங்கி, மன்னிப்பும் கேட்கிறார். அந்தச் சண்டையில் ஹிக்கப் ஒரு காலை இழக்கிறான். ஊர் மாறுகிறது.

இரண்டாம் பாகம் ஐந்து வருசம் கழித்து. ஹிக்கப்புக்கு 20 வயது. ட்ராகன்கள் ஊருக்குள்ளேயே வாழுகின்றன. ஸ்டோயிக் தலைமைப் பொறுப்பை மகனிடம் கொடுக்கப் பார்க்கிறார். மகனுக்கு அது வேணுமா வேண்டாமா என்று தெரியவில்லை. டூத்லெஸ் மேல் ஏறிப் பறந்து புதிய இடங்களைக் கண்டுபிடித்து வரைபடம் கீறிக்கொண்டு திரிகிறான். தான் யார் என்று இன்னும் தெரியவில்லை என்று அஸ்ட்ரிட்டிடம் சொல்கிறான். இந்த இடத்தில் எனக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. "ஆர்ட்ஸ் எடுத்து என்ன செய்யப் போறாய்?" என்று ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேள்வி வாங்குகிற எந்தப் பிள்ளைக்கும் தேவைப்படாது.

இந்த நேரத்தில்தான் ட்ராகோ என்ற பெயர் வருகிறது. ட்ராகன்களைப் பிடித்து, அடித்துப் பணியவைத்து, படை கட்டுகிற ஒருவன். அந்தப் பெயரைக் கேட்டதும் ஸ்டோயிக் செய்கிற முதல் வேலை கதவுகளைப் பூட்டுவது. ஒருவரும் பறக்கக்கூடாது, ட்ராகன்கள் எல்லாம் உள்ளுக்கு, ஊர் யுத்தத்துக்குத் தயாராக வேண்டும். ஹிக்கப் கேட்பது ஒன்றுதான்: ஏன் யுத்தத்துக்குத் தயாராக வேண்டும், அவனைத் தேடிப்போய் கதைத்தால் என்ன? ஸ்டோயிக் மறுக்கிறார். பூட்டிக்கொண்டிருக்கிற கதவுக்குள்ளால் மகன் வெளியே பறக்கிறான். அதற்குப் பிறகு தாயைக் கண்டுபிடிக்கிறான், தகப்பன் தேடி வருகிறார், ட்ராகோவும் படையோடு வருகிறான். அவனுடைய இராட்சத அல்ஃபா ட்ராகன் டூத்லெஸ்ஸின் புத்தியைப் பறித்து ஹிக்கப் மேல் ஏவுகிறது. ஸ்டோயிக் குறுக்கே பாய்ந்து மகனுக்குரிய சாவைத் தான் வாங்கிக்கொள்கிறார்.

இப்போது வழக்குக்கு வருவோம். "சொல்லைக் கேட்டிருந்தால்" என்கிறார்கள். சரி, கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஸ்டோயிக்கின் திட்டம் என்ன? ட்ராகன்களை ஊருக்குள் வைத்துக் கதவைப் பூட்டுவது. ட்ராகோவின் பலம் என்ன? எந்த ட்ராகனையும் தன் பக்கம் இழுக்கிற அல்ஃபா. படத்தின் கடைசிப் பகுதியில் அந்த அல்ஃபா பேர்க்குக்கு வரும்போது என்ன நடக்கிறது என்று நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். ஊர் ட்ராகன்கள் எல்லாம் தங்கள் ஆட்களை விட்டுவிட்டு அதன் பின்னால் போகின்றன. பூட்டின கதவு ஒன்றுக்கும் உதவவில்லை. ஹிக்கப் நல்ல பிள்ளையாக வீட்டில் இருந்திருந்தால், அந்த அல்ஃபா ஒரு நாள் முன்னறிவித்தல் இல்லாமல் பேர்க்கின் வாசலில் வந்து நின்றிருக்கும். டூத்லெஸ் அப்போதும் அதன் பிடிக்குள் போயிருக்கும். சுற்றிவர இருந்திருப்பது பனி வெளி இல்லை, வீடுகளும் குழந்தைகளும். ஸ்டோயிக் அப்போதும் யாரோ ஒருவருக்குக் குறுக்கே பாய்ந்திருப்பார். அவர் அப்படிப்பட்ட மனுசன்.

ட்ராகோவை ஹிக்கப் கூட்டிக்கொண்டு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹிக்கப் அந்தப் பெயரைக் கேள்விப்படுவதற்கு முதலே படை திரண்டுவிட்டது. கப்பல்கள் தயார், பொறிகள் தயார், ட்ராகன் பிடிக்கிற ஆட்கள் ஊர் ஊராகத் திரிகிறார்கள். ஹிக்கப் போனதால் பேர்க்குக்குக் கிடைத்தது ஒரேயொரு விசயம்தான்: எதிரியிடம் என்ன இருக்கிறது என்கிற அறிவு. தகப்பனின் திட்டத்தில் அந்த அறிவுக்கு இடமே இருக்கவில்லை.

அடுத்தது, "தேப்பனுக்குத் தெரியும், அவருக்கு அனுபவம் இருக்கு" என்கிற வாதம். இது வலுவான வாதம். ஸ்டோயிக்கின் அனுபவம் சின்ன அனுபவம் இல்லை. ஒரு காலத்தில் ஊர்த் தலைவர்கள் எல்லாம் கூடியிருந்த மண்டபத்துக்கு ட்ராகன் தோல் போர்த்திய அந்நியன் ஒருவன் வருகிறான். ட்ராகன்களிடமிருந்து உங்களை நான்தான் காப்பாற்ற முடியும், எனக்குப் பணியுங்கள் என்கிறான். தலைவர்கள் சிரிக்கிறார்கள். அவன் வெளியே போகிறான், மண்டபம் எரிகிறது. உயிரோடு தப்பியது ஸ்டோயிக் மட்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு அந்தப் பெயரைக் கேட்டவுடன் கதவைப் பூட்டத்தான் தோன்றும். அவரை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கதையை அவர் எப்போது சொன்னார்? கதவைப் பூட்டும்போது சொல்லவில்லை. மகன் ஏன் என்று கேட்டபோதும் சொல்லவில்லை. மகனைத் தேடிக் கடல் தாண்டி வந்து, ஒரு கப்பல் தட்டில் நின்று, வீட்டுக்கு வா என்று கட்டளையிடும்போதுதான் சொன்னார். முதலில் பூட்டு, பிறகு காரணம். காரணத்தை முதலே சொல்லியிருந்தால் ஹிக்கப் வேறு மாதிரி யோசித்திருப்பானோ தெரியாது. ஆனால் "சொல்லைக் கேட்கவில்லை" என்று அவனைக் குற்றம் சாட்டுகிற ஒருவரும், "தேப்பன் ஏன் முதலே சொல்லேல்ல?" என்று ஒரு தடவைகூடக் கேட்கிறதில்லை.

இன்னொன்று. அந்த மண்டபக் கதை, கதைத்துப் பிரயோசனமில்லை என்பதற்குச் சான்றா? ஒரு பக்கம் பணி அல்லது எரி என்கிற மிரட்டல், மறுபக்கம் சிரிப்பு. அங்கே ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. அது மிரட்டல் தோற்று நெருப்பில் முடிந்த கதை, பேச்சு தோற்ற கதை இல்லை. அந்தக் கதை எங்களுக்குச் சொல்வது ட்ராகோ எவ்வளவு ஆபத்தானவன் என்பதை. ட்ராகோவின் மனதை ஒருவராலும் மாற்ற ஏலாது என்பது ஸ்டோயிக் அந்தக் கதையிலிருந்து எடுத்த முடிவு. அனுபவமும் முடிவும் ஒன்றில்லை. தப்பி வந்தவரின் அனுபவத்துக்கு நாங்கள் தலை வணங்க வேண்டும். அவருடைய முடிவை விசாரிக்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

இங்கே எங்களுடைய ஊர்க் கதை வருகிறது. ட்ராகோவை இன்னாரோடு பொருத்திப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை, அது மலிவான வேலை. நான் சொல்ல வருவது வேறு. 2009க்குப் பிறகு வளர்ந்த எங்களுக்கு ஒரு வசனம் நல்ல பழக்கம்: "நீ காணேல்ல, உனக்குத் தெரியாது." அரசியல் கேட்டாலும் வரும், சாதி கேட்டாலும் வரும், சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வேலை செய்யப் போறம் என்றாலும் வரும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்டிருக்கிறார். எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியாததைக் கண்டிருக்கிறார். ஆனால் பெரும்பாலும் என்ன கண்டார் என்று சொல்வதில்லை. வசனம் மட்டும்தான் வரும். பூட்டு மட்டும்தான் வரும். ஏன் என்று கேட்பது அவமரியாதை ஆகிவிடுகிறது. ஹிக்கப்பைக் குற்றவாளி ஆக்குகிற அந்தக் கருத்து எங்களுக்கு இவ்வளவு கெதியாக வாயில் வருவதற்குக் காரணம் இதுதான். படம் பார்க்க முதலே அது எங்களுக்குப் பாடம்.

இன்னும் ஒரு பிழை இருக்கிறது, இதுதான் எனக்கு அதிகம் நோகிறது. இந்தக் கருத்து ஸ்டோயிக்கையும் சின்னதாக்குகிறது. ஸ்டோயிக்கை எல்லாரும் ஏன் விரும்புகிறார்கள்? சரியாகச் சொன்னார் என்பதற்காகவா? முதற்பாகத்தில் அவர் சொன்ன எல்லாமே பிழை. ட்ராகன் பற்றிப் பிழை, மகன் பற்றிப் பிழை, யுத்தம் பற்றிப் பிழை. அவருடைய பெருமை அவர் மாறினார் என்பதில் இருக்கிறது. முந்நூறு வருசப் பகையைச் சுமந்த ஒரு மனுசன், பதினைந்து வயதுப் பெடியன் ஒருவன் காட்டியதைப் பார்த்துத் தன் வாழ்க்கை முழுக்க நம்பியதை விட்டார். இரண்டாம் பாகத்தில் அவரே ட்ராகன் ஏறிப் பறக்கிறார். உங்களை மாற்ற முடிந்த என்னால் அவனையும் மாற்ற முடியும் என்பதுதான் ஹிக்கப்பின் வாதத்தின் சாரம். அதாவது மகனின் வாதத்துக்கு உயிருள்ள சான்று தகப்பன்தான். அந்தச் சான்றையே எடுத்து மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்கிறோம். இது ஸ்டோயிக்குக்குச் செய்கிற மரியாதையா?

வால்காவைப் பாருங்கள். ஹிக்கப் கைக்குழந்தையாக இருக்கும்போது ஒரு ட்ராகன் தூக்கிக்கொண்டு போன தாய். ட்ராகன்களைக் கொல்ல வேண்டாம் என்று ஊரில் சொல்லிப் பார்த்தவள், ஒருவரும் கேட்கவில்லை. மனுசர் மாறமாட்டார்கள் என்று முடிவெடுத்து 20 வருசம் திரும்பி வரவேயில்லை. ட்ராகோ மாறமாட்டான் என்று தகப்பன், மனுசரே மாறமாட்டார்கள் என்று தாய். இரண்டு பேருடைய நம்பிக்கையும் ஒன்றுதான். பிறகு அவர்கள் சந்திக்கிறார்கள். ஸ்டோயிக் ஒரு சொல் ஏசவில்லை. இருபது வருசக் கோபத்தைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டப் போகிறார், பழைய பாட்டைப் பாடி ஆடுகிறார்கள். படத்தில் ஆக அழகான இடம் அது. அந்த இடம் என்ன சொல்கிறது? மனுசர் மாறுவார்கள் என்கிறது. தாயும் தகப்பனும் ஒருவர் முகத்தில் ஒருவர் பார்த்தது மகன் சொன்ன உண்மையை.

ஆனால் பார்வையாளர் கருத்தில் வால்காவுக்கு என்ன நடக்கிறது? பிள்ளையை விட்டிட்டுப் போன சுயநலக்காரி. பலருக்கு அவளை மன்னிக்கவே முடியவில்லை. அவள் செய்தது பிழைதான், படமும் அதை மறைக்கவில்லை. ஆனால் இந்தத் தராசைக் கொஞ்சம் பாருங்கள். மகனை மகனே இல்லை என்று சொன்ன தகப்பனை முதற்பாகம் முடிவதற்குள் மன்னித்துவிட்டோம். நெருப்பைக் கக்கிய டூத்லெஸ்ஸை, அதன் புத்தி அதனிடம் இல்லை என்று ஐந்து நிமிசத்தில் மன்னித்துவிட்டோம். கெட்ட ஆட்களின் கையில் அகப்பட்டால் நல்ல ட்ராகன்களும் கெட்டது செய்யும் என்று வால்கா சொல்வதை எல்லாரும் ஏற்றுக்கொள்கிறோம். தாயை மன்னிக்க மாட்டோம், மகனை மன்னிக்க மாட்டோம். தகப்பனுக்கும் செல்லப் பிராணிக்கும் ஒரு சட்டம், தாய்க்கும் பிள்ளைக்கும் இன்னொரு சட்டம். இது படத்தில் இல்லை, நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன தராசு.

சரி, எதிர்த்தரப்பின் ஆகப் பலமான கேள்விக்கு வருகிறேன். ஹிக்கப் கடைசியில் ட்ராகோவை நேருக்கு நேர் சந்திக்கிறான், கதைக்கிறான், தோற்கிறான். அந்தத் தோல்வியில்தான் தகப்பன் சாகிறார். இதுக்கு என்ன சொல்லப் போறாய்?

தோற்றான் என்றுதான் சொல்கிறேன். அவனுடைய பிழை என்ன என்பதையும் சொல்கிறேன். எல்லாரும் தன்னுடைய தகப்பன் மாதிரி என்று நினைத்தான். ஸ்டோயிக்கைக் கதைத்து மாற்ற முடிந்ததற்குக் காரணம், ஸ்டோயிக்குக்கு அவன் மேல் பாசம் இருந்தது. ட்ராகோவுக்கு அவன் மேல் ஒன்றும் இல்லை. படை திரட்டி வந்து வெற்றிக்குக் கிட்டத்தில் நிற்கிற ஒருவன், வெறுங்கையோடு நிற்கிற பெடியன் ஒருவன் சொல்வதை ஏன் கேட்கப் போகிறான்? எப்போது கதைப்பது, யாரோடு கதைப்பது, கதைக்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பது ஹிக்கப்புக்குத் தெரியவில்லை. இருபது வயதில் அது தெரியாமல் இருப்பது குற்றம் இல்லை. ஒரு தடவை கதைத்துச் சரிவராததால் கதைப்பதே பிழை என்று சொல்ல முடியாது. ஒரு தடவை அடித்துச் சரிவராத எத்தனை பேர் அடிப்பதே பிழை என்று முடிவெடுத்திருக்கிறார்கள்? வாளுக்கு நூறு தோல்வி அனுமதி, பேச்சுக்கு ஒரு தோல்வியும் அனுமதி இல்லை.

அதோடு கதை அங்கே முடியவில்லையே. தகப்பனை எரியும் கப்பலில் அனுப்பிவிட்டு ஹிக்கப் என்ன செய்கிறான்? திரும்பப் போகிறான். ஊரே ட்ராகோவின் கையில். டூத்லெஸ் இன்னும் அல்ஃபாவின் பிடியில். தன் தகப்பனைக் கொன்ற அதே மிருகத்துக்கு முன்னால் போய் அவன் வாளை எடுக்கவில்லை. கதைக்கிறான். நீ செய்ததில்லை, நீ என்ர சிநேகிதன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். டூத்லெஸ்ஸின் கண் மாறுகிறது. அல்ஃபாவின் பிடியை உடைத்தது எந்தப் படையும் இல்லை, ஒரு பெடியனின் குரல். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம். டூத்லெஸ் ஹிக்கப்பைக் காப்பாற்ற அல்ஃபாவை எதிர்க்கிறது, மற்ற ட்ராகன்கள் திரும்பி வருகின்றன, ஊர் தப்புகிறது. வென்று நிற்கும்போதும் ஹிக்கப் ட்ராகோவைப் பார்த்து, இதோடு முடிப்போம் என்றுதான் சொல்கிறான். ட்ராகோ கேட்கவில்லை, கடலுக்குள் மறைகிறான். இந்த முறை ஹிக்கப் வெறுங்கையோடு நிற்கவில்லை. அவன் படித்த பாடம் அதுதான். கதைப்பதை விடவில்லை, கதைக்கிற விதத்தைப் படித்தான்.

ட்ராகன் பிடிக்கிற ஏரெட்டை மறந்துவிடாதீர்கள். ட்ராகோவுக்கு வேலை செய்தவன், வெறுங்கையோடு திரும்பியதற்காக நெஞ்சில் சூடு வாங்கியவன். அவன் பக்கம் மாறுகிறான். அஸ்ட்ரிட்டின் ட்ராகன் அவனைக் காப்பாற்றியதால் மாறுகிறான். "மனுசர் மாறமாட்டினம்" என்பவர்கள் இவனை ஏன் கணக்கில் எடுப்பதில்லை?

இவ்வளவும் சொன்னதால் படத்துக்கு நான் முழு வக்கீல் என்று நினைக்க வேண்டாம். பார்வையாளர்கள் இப்படிப் பிழையாகப் பார்ப்பதற்குப் படமும் இடம் கொடுக்கிறது. இரண்டு இடங்களில்.

முதலாவது ட்ராகோ. அவனுக்கு ஒரு கை இல்லை. ட்ராகன் எடுத்த கை. ஊரும் குடும்பமும் ட்ராகனால் அழிந்தது. ஹிக்கப்புக்கு ஒரு கால் இல்லை. இரண்டு பேரும் ஒரே காயத்திலிருந்து வந்தவர்கள். ஒருவனுக்குக் காயத்துக்குப் பிறகு தகப்பன் இருந்தார், ஊர் இருந்தது, கால் செய்து கொடுக்க கொபர் இருந்தார். மற்றவனுக்கு ஒருவரும் இல்லை. இது எவ்வளவு பெரிய கதை! படம் அந்தக் கதவைத் திறக்கிறது, ஒரு நிமிசம் உள்ளே காட்டுகிறது, பிறகு அறைந்து சாத்துகிறது. அதற்குப் பிறகு ட்ராகோ கத்துகிற வில்லன் மட்டும். அதிலும் வெள்ளை வைக்கிங்குகளுக்கு நடுவில், எங்கிருந்தோ வந்த, சடைமுடி வைத்த, கறுத்த அந்நியன்தான் கதைத்துத் திருத்த முடியாதவன். குரல் கொடுத்தவர் பெனினில் பிறந்த ஜிமோன் ஹொன்சு. அவருடைய குரலில் இருக்கிற நோவை எழுத்து பாவிக்கவேயில்லை. யார் மாறக்கூடியவர், யார் மாற முடியாதவர் என்று தோலின் நிறத்தை வைத்துக் காட்டினால், "சிலரோட கதைச்சுப் பிரயோசனமில்லை" என்று பிள்ளைகள் படிப்பதில் என்ன அதிசயம்?

இரண்டாவது, தலைமை. படம் ஒரு நல்ல கேள்வியோடு தொடங்கியது. தகப்பன் கொடுக்கிறதை மகன் எடுக்கத்தான் வேணுமா? ஹிக்கப்புக்கு விருப்பமானது வரைபடம், பறப்பு, கண்டுபிடிப்பு. கூட்டம் வைப்பதும் வழக்குத் தீர்ப்பதும் இல்லை. இந்தக் கேள்விக்குத் தகப்பனும் மகனும் உட்கார்ந்து கதைத்து ஒரு பதில் எடுத்திருக்கலாம். படம் அதைச் செய்யவில்லை. தகப்பனைச் சாகடித்தது. செத்த பிறகு கேள்வியே இல்லை. நெற்றியில் சாம்பல் பூசி, தலைவன் என்று கத்தி, எல்லாரும் கைதட்டுகிறார்கள். நானும் தொண்டை அடைக்கப் பார்த்த காட்சி அது. ஆனால் யோசித்தால், மகனுடைய கேள்விக்குப் பதில் சொன்னது ஒரு செத்தவீடு. எங்கள் ஊர்களில் எத்தனை மூத்த பிள்ளைகளுக்கு இப்படி நடந்திருக்கிறது! எட்டோடு எல்லாம் முடிய முதலே கடைத் திறப்பு கைக்கு வந்துவிடும், தங்கச்சியின் கலியாணம் தோளுக்கு வந்துவிடும். அதுக்குப் பிறகு "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. கைதட்டுவார்கள், பொறுப்பான பிள்ளை என்று. அந்தப் பிள்ளை பொறுப்பான பிள்ளைதான். ஆனால் அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு இடத்திலும் படம் பயந்துவிட்டது என்று நினைக்கிறேன். மகன் சொல்வதுதான் சரி என்று முழுதாகச் சொல்லப் பயந்து, தகப்பனின் சாவால் அதை மூடியது. மூடியதை எடுத்துப் பார்க்காமல், அதையே பாடமாக எடுத்துக்கொண்டு போவது எங்களுடைய பிழை.

ஸ்டோயிக் ஏன் குறுக்கே பாய்ந்தார் என்று ஒருக்கா யோசியுங்கள். "சொல்லுக் கேக்காட்டி என்ன நடக்கும் பார்" என்று காட்டவா பாய்ந்தார்? மகன் சொல்லைக் கேட்கவில்லை என்று தெரிந்தும் பாய்ந்தார். அந்த நேரத்தில் யார் சரி யார் பிழை என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. அவர் கணக்கு வைக்கவில்லை. கணக்கு வைத்திருப்பது நாங்கள்தான். அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளையைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருப்பதும் நாங்கள்தான்.

2027இல் படம் திரும்ப வரும்போது தம்பி தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ. ஸ்டோயிக் விழும்போது அழுங்கோ, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் இருக்கிற சின்னன் ஏன் அவர் செத்தவர் என்று கேட்டால், ட்ராகோ கொன்றவன் என்று சொல்லுங்கோ. அதுதான் உண்மை. "பாத்தியா, அப்பா அம்மான்ர சொல்லுக் கேக்காட்டி இப்பிடித்தான்" எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ.